அரை மோதகம்

மெல்பேர்ண் ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்வதுதான் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று படிப்பிக்கும்போதே சொல்லிவிடுவார்கள். அதை நான் ஒழுங்காகத்தான் செய்துவருகிறேன். ஒரேயொரு கேள்வியில் மட்டும் கொஞ்சம் கூட்டுவேன்.

ஒப்பரேசனுக்கு முன் மயக்க மருந்து வைத்தியர் கேட்பார், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று. நான் தமிழில் கேட்பேன். எங்கள் அன்ரிமார் நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்கள்: "ஐயோ பிள்ளை, ராத்திரிக்குப் பிறகு பச்சைத்தண்ணி படேல்லை." அப்படிச் சொன்ன ஓர் அன்ரி, ஐந்து நிமிடம் கழித்து, விடியக் கோயிலால் வந்த சர்க்கரைப் பொங்கல் எவ்வளவு ருசி என்று என்னோடு கதைக்கத் தொடங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்ரி, சாப்பிடவில்லை என்றுதானே சொன்னீர்கள் என்றால், என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது பிரசாதமெல்லோ!"

அவருடைய ஒப்பரேசன் அன்றைக்கு நடக்கவில்லை. அதற்குப் பிறகு நான் இரண்டாவது கேள்வி ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "பிரசாதம், கசாயம், வெத்திலை, குளிசையோட ஒரு மிடறு பால், ஏதாவது வாயில போட்டனீங்களோ?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பேன். நிறையப் பேர் அப்போதுதான் யோசிப்பார்கள். ஒருமுறை ஒரு பெண் வைத்தியர், நான் கேட்டது சின்னக் கேள்வி, நீங்கள் ஏன் இவ்வளவு நேரம் கதைக்கிறீர்கள் என்றார். விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. இனி நான் பார்க்க வரும் நோயாளிகளிடமெல்லாம் அந்த இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள், நான்தான் கேட்கச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவரை நினைவில் வைத்திருங்கள். நடுத்தர வயது, கட்டையாக வெட்டிய நரைமுடி, மெல்லிய குரல்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லக் காரணம், பிறகு நான் செய்த காரியத்துக்கு எனக்குத் தெரியாது என்று சாட்டுச் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதுதான். எனக்குத் தெரியும். மற்ற எவருக்கும் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும்.

மூத்தவன் பிறந்தபோது நான் விழித்திருக்கவில்லை. இருபது மணி நேரம் நொந்து, கடைசியில் பிள்ளையின் இதயத் துடிப்பு விழத் தொடங்கியதும் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். முகமூடி ஒன்று மூக்கின் மேல் வந்தது ஞாபகம். பிறகு ஒரு சாம்பல் நிறக் கூரை. தொண்டை கீறிக் கிடந்தது. வயிற்றைத் தடவினேன், தட்டையாக இருந்தது. பிள்ளை எங்கே என்று கேட்கக் குரல் வரவில்லை. நான் கண் திறந்தபோது அவன் பிறந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். தாதிமார் தூக்கியிருந்தார்கள், என் கணவர் தூக்கியிருந்தார், யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாகூட வாட்ஸ்அப்பில் பார்த்திருந்தார். பெற்றவள்தான் கடைசி ஆள்.

அவன் முதல் அழுகையை என் கணவர் போனில் பிடித்து வைத்திருந்தார். நான் அதை ஒருமுறைதான் கேட்டேன். அது யாரோ வீட்டுப் பிள்ளை அழுவதுபோல இருந்தது. அதைச் சொன்னதும் இவர் முகம் விழுந்துபோனது. அதன் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அதனால் இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது எனக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. இந்தப் பிள்ளை அழும் முதல் சத்தத்தை என் காதால் கேட்க வேண்டும். முதல் வெட்டு இருந்த விதத்தில் நோவெடுக்க விடுவது நல்லதில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். திகதி குறித்துச் செய்யும் சிசேரியன், முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கும், நீங்கள் விழித்திருப்பீர்கள் என்றார்கள். நான் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

நல்ல நேரம் பார்த்தீர்களா என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பார்த்தது நாங்கள் இல்லை, ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை முதல் ஆள், காலை எட்டரை. ஆறரைக்கு வர வேண்டும். நடுச்சாமத்துக்குப் பிறகு திண்மமான சாப்பாடு எதுவும் கூடாது, ஆறு மணி வரைக்கும் தண்ணீர் குடிக்கலாம். இதை ஒரு தாளில் அடித்துத் தந்தார்கள். நான் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். அம்மாவுக்காக அதன் கீழே தமிழிலும் எழுதினேன். தொழில் விடவில்லை.

அம்மா அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் வந்திருந்தார். மூத்தவன் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அந்தக் குறையை அம்மா நாலு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தார் என்பது, வந்து இறங்கிய அன்றே அவர் பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் சரக்குத்தூள், வேப்பம்பட்டை, நல்லெண்ணெய், பழைய நூல் சேலை கிழித்த துண்டுகள். "அப்ப நான் பக்கத்தில இருந்திருந்தா உனக்கு இப்பிடி நடந்திராது" என்று சொல்லிச் சொல்லி அடுக்கினார். அம்மா, வைத்தியர்களாலேயே ஒன்றும் செய்ய ஏலாமல் போனது என்றேன். "நான் வைத்தியத்தைச் சொல்லேல்லை" என்றார்.

புதன்கிழமை பின்னேரம் என் கணவரை இழுத்துக்கொண்டு த பேசின் என்ற ஊருக்குப் போனார். மலையடிவாரத்துப் பிள்ளையார் கோயில். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். என் பெயருக்கு ஓர் அர்ச்சனை, வயிற்றுப் பிள்ளைக்குப் பெயரில்லாததால் என் பெயரிலேயே இன்னுமொன்று. ஐயர் பிரசாதமாக ஒரு மோதகம் கொடுத்தாராம். அம்மா அதை அலுமினியத் தாளில் சுற்றி, குளிர்பெட்டியில், அந்தத் தாள் ஒட்டியிருந்த கதவுக்கு நேர் பின்னால் வைத்தார். நான் அதைப் பார்த்தேன். பிள்ளை பிறந்த பிறகு தரப்போகிறார் என்று நினைத்தேன்.

விடிய ஐந்தே கால் இருக்கும். மூத்தவன் நித்திரை. இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு நின்றேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நேரம் நெருங்க நெருங்க அந்தச் சாம்பல் நிறக் கூரைதான் கண்ணுக்குள் வந்தது. முதுகு ஊசி வேலை செய்யாவிட்டால்? இந்த முறையும் மயக்கிவிட்டால்? இந்த முறை எழும்பாமலே போய்விட்டால்? அம்மா வந்து என் தலையைத் தடவினார். நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்தார்.

"அம்மா, சாப்பிடக் கூடாது."

"சாப்பாட்டை ஆர் தந்தது? இது பிள்ளையாற்ற பிரசாதம். ஒரு கடி. ஒண்டும் செய்யாது."

"எழுதி ஒட்டியிருக்கெல்லோ."

"அது சோறு கறிக்கு. இது உன்ர பேரில அர்ச்சனை செய்தது. வேண்டாம் எண்டு தள்ளிப்போட்டே போகப்போறாய், இண்டைக்கு?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ அன்ரிமாரிடம் சொன்னதுதான். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி நெஞ்சில் போய்க் குத்தியது. இன்றைக்கு, இந்த நாளில், தள்ளிவிட்டுப் போவதா? அம்மாவின் கை என் வாய்க்கு முன்னால் நின்றது. அம்மாவின் கை வாய்க்கு முன்னால் வந்தால் எங்கள் வீட்டில் எந்த வயதிலும் வாய் தானாகத் திறக்கும். ஒரு கடி என்றவர் பாதியை உள்ளே தள்ளிவிட்டார். பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை. குளிர்ந்து இறுகிப்போன மா. மென்று விழுங்கினேன். மீதிப் பாதியை அம்மா திரும்பவும் தாளில் சுற்றினார்.

"மிச்சம் பிள்ளை பிறந்த பிறகு" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கை நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் எல்லாவற்றிலும் மோசமான விஷயம்.

காரில் போகும்போது நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே இருந்தேன். ஒரு தேங்காய்ப்பூத் துண்டு கடைவாயில் மாட்டியிருந்தது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் காரை ஓரத்தில் நிறுத்திவிடுவார். சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழிய வேண்டும் என்றால் பதினொன்றே கால். எட்டரை மணி முதல் இடம் போய்விடும். கடைசியில் தள்ளுவார்கள். இடையில் அவசரக் கேஸ் வந்தால் நாளைக்கு என்பார்கள். அதற்குள் எனக்கு நோவெடுத்தால், திரும்பவும் கட்டிலோடு ஓட்டம், திரும்பவும் முகமூடி. இப்படி ஒரு கணக்கைப் போட்டு, பாதி மோதகம் எவ்வளவு பெரிது, ஒரு எலுமிச்சங்காயில் பாதிதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் தாதி கேட்டாள். நடுச்சாமத்துக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா? ஆங்கிலத்தில் கேட்டாள். "இல்லை" என்றேன், ஆங்கிலத்தில். ஒரு தயக்கமும் இல்லாமல் வந்தது. அவள் படிவத்தில் ஒரு சரி போட்டாள்.

பின்பக்கம் திறந்த அந்த உடுப்பை மாட்டி, காலுக்கு இறுக்கமான வெள்ளைக் காலுறை போட்டு, தாலிக்கொடியைக் கழற்றி இவரிடம் கொடுத்து, மோதிரத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக் காத்திருந்தபோது மயக்க மருந்து வைத்தியர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி. மெல்லிய குரல்.

என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா! தமிழ் மொழிபெயர்ப்பாளர்! அப்படியென்றால் உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை" என்றார் ஆங்கிலத்தில். படிவத்தைப் புரட்டினார். "உங்களிடம் கேட்கவே வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். சாப்பிடவில்லைதானே?"

"இல்லை" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த என் கணவர் பெருமையோடு சிரித்தார். "பாத்தீரே, உம்மை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு." நான் அந்தத் தேங்காய்ப்பூத் துண்டை அப்போதுதான் நாக்கால் எடுத்து விழுங்கினேன்.

தியேட்டர் குளிர். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன அறை, எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். கட்டிலின் ஓரத்தில் இருத்தி, தலையணை ஒன்றைக் கட்டிப்பிடிக்கத் தந்து, முதுகை வளைக்கச் சொன்னார்கள். இவரைப் பக்கத்து அறையில் உடுப்பு மாற்ற நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற தாதி என் இரண்டு தோளையும் பிடித்திருந்தாள். முதுகில் சில்லென்று மருந்து பூசினார்கள். முதலில் ஒரு எறும்புக்கடி. பிறகு ஓர் அழுத்தம். எலும்பில் ஏதோ முட்டியது. கால் வழியாக மின்சாரம் அடித்ததுபோல ஓடியது. "ஆ" என்று கத்திவிட்டேன்.

"மன்னிக்க வேண்டும். கொஞ்சம் கீழே பார்க்கிறேன்" என்றது பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல். திரும்பவும் எறும்புக்கடி, திரும்பவும் எலும்பு. அவர் ஊசியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். முதுகெலும்பு கொஞ்சம் வளைந்திருக்கிறது, சில பேருக்கு இப்படித்தான், இன்னொருமுறை முயற்சிக்கிறேன் என்றார். பிறகு, என்னைத் தேற்றுவதற்காகத்தான், இதையும் சொன்னார்:

"சரிவராவிட்டாலும் பயப்படாதீர்கள். மயக்கிச் செய்யலாம். நீங்கள் ஒழுங்காகப் பட்டினி கிடந்திருக்கிறீர்கள், அதனால் அதுவும் பாதுகாப்புத்தான்."

அப்போது எனக்குக் கேட்டது அவருடைய குரல் இல்லை. என்னுடைய குரல். எத்தனையோ கட்டில் ஓரங்களில், எத்தனையோ பேருக்கு, நான் தமிழில் சொன்ன வசனம். "மயக்கத்தில இருக்கேக்க வயித்தில இருக்கிற சாப்பாடு மேல வந்து சுவாசப்பைக்குள்ள போகலாம். போனா உயிருக்கு ஆபத்து." அதை நான் நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொல்வேன். அதைச் சொல்லும்போது அன்ரிமாரின் கண்ணைப் பார்ப்பேன். சிலரைத் தனியாகக் கண்டித்தும் இருக்கிறேன், உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று. இப்போது தலையணையைக் கட்டிப்பிடித்தபடி அதே வசனத்தை நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூத்தவன் நித்திரையால் எழும்பி அம்மம்மாவிடம் பால் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். நேர்மை வந்து என்னைப் பேச வைத்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. பயம்தான்.

"நிறுத்துங்கோ" என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "நிறுத்துங்கள். நான் சாப்பிட்டேன்."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். தோளைப் பிடித்திருந்த தாதியின் கை அப்படியே இருந்தது, ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வைத்தியர் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் குனிந்தார்.

"என்ன சாப்பிட்டீர்கள்? எப்போது?"

ஐந்தே கால். மோதகம். மோதகம் என்றால் என்ன? அரிசி மா, பயறு, தேங்காய், சர்க்கரை. எவ்வளவு? நான் விரலால் காட்டினேன். எங்கேயிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானாகவே, "கோயில்" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"இரண்டாவது கேள்வியை உங்களிடமும் கேட்டிருக்க வேண்டும்" என்றார். கையுறையைக் கழற்றினார். "சொன்னதற்கு நன்றி. இப்போது அவசரமில்லை, அதனால் காத்திருப்போம்."

நான் அழுதேன். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், முதுகு திறந்த உடுப்போடு, கட்டில் ஓரத்தில் இருந்து, மூக்கு வடிய வடிய அழுதேன்.

திரும்பவும் காத்திருக்கும் அறை. கையில் சேலைன். வயிற்றில் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் பட்டியைக் கட்டினார்கள். என் கணவர் நீலத் தொப்பி, நீல உடுப்போடு வந்து கதிரையில் இருந்தார். அவர் கோபப்படும்போது குரல் உயராது, தாழும்.

"ஊருக்கெல்லாம் சொல்லிறனீர். நீரே இப்பிடிச் செய்வீரே?"

"அம்மா தந்தவா."

"மாமி தந்தா... உமக்கு வாயில்லையோ?"

வாய் இருந்ததுதான் பிரச்சினை. சிறிது நேரத்தில் அவர் என் காலுறைக் காலைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அந்த முதல் தடவை ஞாபகம் வந்திருக்க வேண்டும். மயக்கத்தில் கிடந்த என்னையும் சுவரோரத் தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தவர் அவர்தான். "மாமிக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார். அம்மாவிடம் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவசரக் கேஸ் ஒன்று வந்துவிட்டதாம், பிந்துமாம் என்று சொல்லுங்கோ. அவர் வெளியே போய், வீட்டிலிருந்த அம்மாவோடு போனில் கதைத்துவிட்டு வந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். "ம்" என்று மட்டும் சொன்னாராம்.

பதினொன்றே கால் வந்தது, போனது. பன்னிரண்டு மணிக்கு உண்மையாகவே ஓர் அவசரக் கேஸ் வந்தது. என் திரைக்கு வெளியே கட்டில் சக்கரங்களின் ஓட்டம் கேட்டது. ஒரு பெண்ணின் குரல், முனகல், பிறகு கதவு. எனக்கு அந்த ஓட்டம் தெரியும். அவளுக்காக நேர்ந்துகொண்டேன். அதே மூச்சில், என் இடத்தை எடுத்துவிட்டாளே என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை. பன்னிரண்டரைக்கு எனக்கு இடுப்பில் பிடித்து விட்டது. பட்டியோடு இணைத்த கருவியில் கோடு ஏறி இறங்கியது. தாதி பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. நோவு தொடங்கப் பார்க்கிறது என்றாள். அந்தக் கோடு ஏறும்போதெல்லாம் இவர் எழும்பி நின்றார்.

ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே தலையணை, அதே வைத்தியர். இந்த முறை பாட்டு இல்லை. எறும்புக்கடி. அழுத்தம். நான் மூச்சைப் பிடித்தேன். பின்னாலிருந்து, "வந்துவிட்டது" என்றது குரல். கால் சூடாகிக்கொண்டு வந்து, பிறகு என்னுடையது இல்லாமல் போனது.

படுக்கவைத்து ஒரு ஐஸ்கட்டியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். குளிர்கிறதா? வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, குளிர்ந்தது. "குளிருது" என்றேன். இந்த முறை பொய் சொல்லவில்லை, சொல்ல எவ்வளவோ ஆசையாக இருந்தும். அவர் கட்டிலைச் சரித்தார். காத்திருந்தோம். கூரையில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன, அதை எண்ணினேன். நாற்பதில் தவறி, திரும்பவும் முதலிலிருந்து. இன்னொருமுறை ஐஸ். "இப்போது?" தொடுவது தெரிந்தது, குளிர் தெரியவில்லை. என் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்து அவர் தலையாட்டினார்.

வலி இல்லை. ஆனால் ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கைப்பைக்குள் ஆழத்தில் கிடக்கும் சாவியை யாரோ அவசரமாகத் தேடுவதுபோல இருந்தது. என் உடம்பு கட்டிலில் ஆடியது. இப்போது உள்ளே விடப்பட்டிருந்த என் கணவர் தன் முகத்தை என் முகத்தோடு ஒட்டி வைத்திருந்தார். யாரோ என் நெஞ்சுக்குக் கீழே முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினார்கள். மூச்சு முட்டியது. பிறகு ஒரேயடியாகப் பாரம் போனது. வயிறு வெறுமையானது தெரிந்தது.

சத்தம் இல்லை.

ஏதோ உறிஞ்சும் கருவியின் ஓசை. ஒரு தாதியின் செருப்புச் சத்தம். நான் இவரைப் பார்த்தேன். அவர் திரைக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் திறந்தபடி. "அழுதிட்டுதோ?" என்று கேட்டேன். "இஞ்சேருங்கோ, அழுதிட்டுதோ?" என்னுடைய பொய்யால்தான், என்னுடைய பிந்தலால்தான் என்று மனம் ஓடியது. பிள்ளையாரே, பிரசாதம் வாங்கித்தானே வந்தேன் என்று அவரோடு சண்டைக்கும் போனேன்.

அப்போது கேட்டது. முதலில் ஒரு தும்மல் மாதிரி. பிறகு கீச்சென்று ஒரு சத்தம். பிறகு அறை முழுவதும்.

அது யாரோ வீட்டுப் பிள்ளை இல்லை. என் பிள்ளை. ஆயிரம் பிள்ளைகளுக்குள்ளும் அந்தக் குரலை நான் பிடிப்பேன். "ஓம் குஞ்சு, ஓம், அம்மா இஞ்ச" என்று நான் கத்தியது வெளி வராந்தா வரைக்கும் கேட்டதாம். மகள். நெஞ்சில் வைத்தார்கள். ஈரமாக, சூடாக, கோபமாக இருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. தலைக்குப் பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல், "கேட்டதா?" என்றது. கேட்டது என்றேன்.

பின்னேரம் ஏழு மணிக்கு அம்மா வார்டுக்கு வந்தார். மூத்தவனை இவர் கையில் பிடித்துக்கொண்டு நேரே கட்டிலடிக்கு வந்துவிட்டார். அம்மா வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா வாசலுக்கு வெளியே, தாதிமாரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கம்பளிச் சட்டைக்குக் கீழே சேலை. கையில் அலுமினியத் தாள் பொட்டலம். இந்த மூன்று கிழமையில் அம்மா இங்கே எவரிடமும் ஆங்கிலத்தில் வாய் திறந்ததில்லை. கடையில்கூட என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். இப்போது பொட்டலத்தை விரித்து மேசையில் வைத்து, மோதகத்தைக் காட்டி, பிறகு என் அறையைக் காட்டி, "மை டோட்டர். திஸ், ஈட்? ஓகே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். "சத்தியமாச் சொல்லேல்லை" என்றார்.

தாதி சிரித்து, தலையை ஆட்டி, பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். அம்மா உள்ளே வந்தார். பேத்தியைப் பார்த்தார், தொடவில்லை. என் பக்கத்தில் கதிரையை இழுத்து இருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது.

"அம்மா, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"எட்டரை எண்டவை ரெண்டு மணியாக்கினா எனக்கு விளங்காதே?" என்றார். அதுதான் பதில். "நான் குடுத்ததாலதான் எண்டு எனக்குத் தெரியும். உன்னைக் கண்ணால காணுமட்டும் பச்சைத்தண்ணி படக்கூடாது எண்டு இருந்தனான்."

எத்தனையோ பேர் என்னிடம் சொன்ன அதே வசனம். இந்த முறை அது உண்மை. மூத்தவன், "கிராண்ட்மா டிடின்ட் ஈட் லஞ்ச்" என்று போட்டுக்கொடுத்தான்.

பொட்டலத்தை என்னிடம் நீட்டப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா நீட்டவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

"அவள் ஓம் எண்டுதானே சொன்னவள்? எனக்கு இங்கிலீசு வடிவா விளங்காது. நீ ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

நான் மணியை அழுத்தினேன். தாதி வந்தாள். அம்மா சொல்லச் சொல்ல, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் கேட்டேன். இது அரிசி மா, பயறு, தேங்காய், சர்க்கரை. நேற்றுக் கோயிலில் தந்தது. என் மகள் சாப்பிடலாமா? தாதி, தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, சாப்பிடலாமாம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"வடிவாக் கேட்டனான்."

அம்மா தாளை விரித்தார். மோதகம் கல்லாக இறுகியிருந்தது. அவரால் பிய்க்க முடியவில்லை. நான் அதை வாங்கி, கட்டிலின் கம்பியில் தட்டி இரண்டாக உடைத்து, முதல் துண்டை அம்மாவின் வாய்க்கு முன்னால் பிடித்தேன். அம்மா வாயைத் திறந்தார்.